சோலார் பேனலுக்கு முன்னால் சோப்புத் தண்ணீர்

"சுற்றுச்சூழலுக்காக உங்கள் யூனிட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று துணி வாங்கும் பையரிடமிருந்து ஒரு கேள்வித்தாள் வந்துவிட்டால், திருப்பூரில் நாற்பது மிஷின் வைத்திருக்கும் பனியன் கம்பெனி ஓனர் முதலில் போன் போடுவது சோலார் ஏஜென்ட்டுக்குத்தான். மொட்டை மாடியில் பளபளவென்று நிற்கும். போட்டோ எடுத்து அனுப்பலாம். வங்கியும் கடன் தரும். சோலார் போடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அதைக் கடைசியில் போட வேண்டும். முதலில் போட்டால் ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு பெரிய மோட்டார் வாங்கின கதையாகிவிடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? சனிக்கிழமையிலிருந்து. சம்பளம் போட்டு முடித்து ஷட்டரை இறக்கும்போது ஈபி மீட்டர் ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். திங்கள் காலை மிஷின் சுவிட்ச் போடுவதற்கு முன்னால் இன்னொரு முறை எழுதுங்கள். நடுவில் ஓடியிருக்க வேண்டியது கேமரா, வாட்ச்மேன் விளக்கு, ஆபீஸ் பிரிட்ஜ், அவ்வளவுதான். நாலைந்து யூனிட்டுக்கு மேல் போக வழியில்லை. முப்பது, நாற்பது என்று வந்தால், ஆளே இல்லாத கட்டடத்தில் ஏதோ ஒன்று இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஆஃப் செய்யாமல் விட்ட கம்ப்ரசராக இருக்கும். இல்லாவிட்டால் அயர்னிங் செக்ஷன் எலக்ட்ரிக் பாய்லரின் ஹீட்டராக இருக்கும்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சி.டி. (பெரிய லோடை அளவு குறைத்து மீட்டருக்குக் காட்டும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்த மீட்டராக இருந்தால் திரையில் தெரியும் எண் அப்படியே யூனிட் ஆகாது. மீட்டர் மேலும் பில்லிலும் எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற எண் போட்டிருக்கும். அதால் பெருக்க வேண்டும். பெருக்காமல் எழுதிவிட்டு "நம்ம கம்பெனியில் வேஸ்ட்டே இல்லை" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு பிடிபட்ட பிறகு தினசரிக் கணக்கு. காலை, மதியம், மாலை என மூன்று ரீடிங். பக்கத்திலேயே அன்று செக்கிங் முடிந்து வந்த பீஸ் எண்ணிக்கை. நூறு பீஸுக்கு எத்தனை யூனிட் என்ற ஒரே எண்ணை ஒரு மாதம் பார்த்தால் போதும். ஆர்டர் இல்லாத வாரத்தில் பில் குறைந்ததை மிச்சம் என்றும், ஓவர்டைம் வாரத்தில் ஏறியதை வேஸ்ட் என்றும் நினைக்கிற குழப்பம் அந்த எண்ணால் தீரும். டி-ஷர்ட்டும் ஹூடியும் கலந்து ஓடினால் ஸ்டைல் வாரியாகத் தனித்தனியாக எழுத வேண்டும். ஹூடிக்குத் தையல் நேரம் அதிகம். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் எண் பொய் சொல்லும்.

இப்போது சோப்புத் தண்ணீருக்கு வருவோம். சின்ன யூனிட்டில் பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகிற இடம் காற்று லைன். கம்ப்ரசர் காற்று எதற்கெல்லாம் போகிறது என்று பாருங்கள்: தையல் மிஷின்களின் நூல் வெட்டி, துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லாக்கில் வேஸ்ட்டை உறிஞ்சும் குழாய், பட்டன் மிஷின், சாயங்காலம் பஞ்சு ஊதும் ஏர் கன். காற்றுக்கு நிறமில்லை, வாசனையில்லை, கசிந்தால் தரை நனைவதும் இல்லை. அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் சுமார் 3 கிலோவாட் அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அத்தனை பெரிய ஒற்றை ஓட்டை அபூர்வம்தான். ஊசிமுனை ஓட்டைகள் இருபது சேர்ந்தால் அதே கணக்குக்கு வந்துவிடும்.

சோதனைக்கு ஒரு கடிகாரம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா மிஷினையும் நிறுத்துங்கள். ஆனால் மிஷின் பக்கத்து காற்று வால்வுகள் வேலை நேரத்தில் இருப்பதுபோலத் திறந்தே இருக்கட்டும். கம்ப்ரசரை மட்டும் ஓட்டி செட் பிரஷருக்குக் கொண்டு வாருங்கள். யாருமே காற்றை எடுக்கவில்லை என்பதால், கசிவே இல்லாத லைன் என்றால் கம்ப்ரசர் மறுபடி லோடு எடுக்கக் கூடாது, அதாவது காற்றை அழுத்தத் தொடங்கக் கூடாது. எடுக்கும். எத்தனை வினாடி லோடில் ஓடுகிறது, எத்தனை வினாடி அன்லோடில் (காற்று தராமல் சும்மா) இருக்கிறது என்று ஐந்தாறு சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். 100 வினாடி லோடு, 200 வினாடி அன்லோடு என்று வைத்துக்கொண்டால், 100-ஐ 300-ஆல் வகுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வருகிறது. கம்ப்ரசர் தரும் காற்றில் அவ்வளவும் கசிவுக்கே போகிறது.

10 ஹெச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர் ஏறக்குறைய 40 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 40 கன அடி காற்று தரும். மூன்றில் ஒன்று என்றால் 13 சி.எஃப்.எம். கிட்டத்தட்ட 2.5 கிலோவாட். நாளுக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 7,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய். ஒரு ஹெல்பரின் சில மாதச் சம்பளம் உஸ்ஸென்ற சத்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பிஸ்டன் கம்ப்ரசராக இருந்தால் அன்லோடு நேரத்துக்குப் பதிலாக மோட்டார் நிற்கும் நேரத்தைக் குறியுங்கள், கணக்கு அதேதான். ஸ்க்ரூவில் இன்னொரு சங்கடமும் உண்டு. அன்லோடில் காற்றே தராமல் ஓடும்போதும் முழு லோடில் எடுக்கும் கரண்டில் கால்வாசிக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். தேவைக்கு மீறிப் பெரிய கம்ப்ரசர் வாங்கியவர்கள் இந்தத் தண்டத்தைத் தினமும் கட்டுகிறார்கள்.

கசிவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு இடத்தைப் பிடிக்க வேண்டும். கால் வாளித் தண்ணீரில் துணி துவைக்கிற லிக்விட் கொஞ்சம் கலந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஜாயிண்டிலும் தடவினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். எலக்ட்ரிக் பெட்டி, கரண்டில் காற்று வால்வைத் திறந்து மூடும் சோலினாய்டு காயில் பக்கம் மட்டும் தண்ணீர் வேண்டாம். அங்கே காதை வைத்துக் கேட்டாலே தெரியும். முதலில் போக வேண்டிய இடம் ஏர் டேங்கின் அடி வால்வு. தண்ணீர் தானாக வடியட்டும் என்று அதை அரைத் திருகு திறந்தே விட்டிருப்பார்கள். அடுத்து ஃபில்டர்-ரெகுலேட்டர் கிண்ணம், ஏர் கன் விசை, கடைசியாக மிஷினுக்குப் போகும் பி.யூ. டியூப் (வளையும் பிளாஸ்டிக் காற்றுக் குழாய்) சொருகும் இடம்.

அந்த பி.யூ. டியூபைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கசிவில் பெரும் பங்கு அங்கேதான், காரணம் கத்தரிக்கோல். லைன் (தையல் மிஷின் வரிசை) மாற்றும்போது மெக்கானிக் கையில் கிடைத்த கத்தரியால் டியூபை வெட்டுவார். வெட்டு சாய்வாக விழும், முனை நசுங்கி முட்டை வடிவமாகும். புஷ் ஃபிட்டிங் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. டியூப் வட்டமாக, நேராக வெட்டப்பட்டு முழு ஆழத்துக்கு உள்ளே போனால்தான் அந்த வளையம் சுற்றிலும் பிடிக்கும். சாய்ந்த முனையில் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் காற்று போகும். டியூப் கட்டர் விலை சில நூறு ரூபாய். பழைய டியூபையே நான்காம் முறை சொருகும்போது, முந்தைய பிடிப்பில் விழுந்த கீறல் இருக்கும் ஒரு அங்குலத்தை வெட்டிப் போட்டுவிட்டுச் சொருக வேண்டும். திருகு ஜாயிண்டுகளில் டெஃப்லான் டேப்பைத் திருகு இறுகும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும்.

கசிவு அடைபட்ட பிறகுதான் பிரஷரைத் தொட வேண்டும். பல யூனிட்டுகளில் கம்ப்ரசர் 8 பாரில் நிற்கும். தையல் மிஷினுக்கு 5, 5.5 பார் போதும். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் எடுக்கும் கரண்ட்டில் 6, 7 சதவீதம் குறையும். 8 எப்படி வந்தது என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கடைசி லைனுக்குப் பிரஷர் பத்தலீங்கண்ணா, அதான் ஏத்தி வச்சோம்." கடைசி லைனுக்குப் பத்தாததற்குக் காரணம் கசிவு, அல்லது மிஷின் கூட்டியபோது அரை அங்குலக் குழாயையே நீட்டிக்கொண்டு போனது, அல்லது அடைத்துப்போன ஃபில்டர். அதைச் சரிசெய்யாமல் கம்ப்ரசரில் குமிழைத் திருப்பினால், பிரஷர் ஏறும்போது ஓட்டைகளிலும் கூடுதலாகக் காற்று போகும். குறைக்கும்போது அரை பார் அரை பாராக, வாரத்துக்கு ஒரு முறை. நூல் வெட்டி சரியாக வெட்டவில்லை என்று டெய்லர் சொன்னால் ஒரு படி மேலே போய் நின்றுகொள்ளுங்கள்.

கம்ப்ரசரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். சத்தம் கேட்கக் கூடாதென்று பின்கட்டில், பாய்லருக்குப் பக்கத்து மூலையில் தள்ளியிருப்பார்கள். உள்ளே இழுக்கும் காற்று 4 டிகிரி சூடானால் அதே வேலைக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுதல் கரண்ட். வெளியே 34 டிகிரி, அந்த மூலையில் 46 டிகிரி என்றால் 3 சதவீதம் போயிற்று. ஆயிலும் சீக்கிரம் கெடும். வெளிச்சுவர் வழியாக உறிஞ்சு குழாயைக் கொடுத்தால் தீர்ந்தது.

அடுத்தது தையல் மிஷின்களின் மோட்டார். பழைய பவர் டேபிளில் இருப்பது கிளட்ச் மோட்டார், அரை ஹெச்.பி. காலையில் சுவிட்ச் போட்டால் மதியச் சாப்பாடு வரை சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதிக்கும்போது கிளட்ச் பிடிக்கிறது, அவ்வளவுதான். டெய்லரின் நேரத்தில் ஊசி உண்மையில் ஓடுவது 20 முதல் 30 சதவீதம். மீதி நேரம் துணி எடுப்பது, மடிப்பது, திருப்புவது, வெட்டுவது. சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் சுற்றும். ஒரு மிஷினில் சராசரியாக 150 வாட் குறைந்தால் நாளுக்கு ஒன்றரை யூனிட், நாற்பது மிஷினுக்கு 60 யூனிட். என் எண்ணை நம்ப வேண்டாம். சில நூறு ரூபாய்க்குப் பிளக்கில் சொருகும் மீட்டர் கிடைக்கிறது. ஒரு கிளட்ச், ஒரு சர்வோ, ஒரே ஆபரேஷன், ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

சர்வோவில் என்ன கெடும்? கன்ட்ரோல் பாக்ஸ். வோல்டேஜ் ஏறி இறங்கும் இடங்களிலும், பஞ்சு அடைந்து சூடாகும் இடங்களிலும் போர்டு போய்விடும். விலை குறைவென்று பெயர் தெரியாத பாக்ஸை வாங்கினால் ஸ்பேர் கிடைக்காமல் மறுபடி கிளட்ச்சுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். நாற்பதையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு லைனை மாற்றி மூன்று மாதம் விடுவது நல்லது. இன்னொன்று, பீஸ் ரேட்டில் தைப்பவரின் மிஷினில் வேக உச்சவரம்பைக் குறைத்து வைத்தால் அவர் கூலி குறையும். அடுத்த நாளே "சர்வோ வேண்டாங்க" என்று கிளட்ச்சைக் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேகத்தை அவர் கைக்கு ஏற்றபடி வைத்துக் கொடுக்க வேண்டும்.

மோட்டாரெல்லாம் மாறிய பிறகு கெப்பாசிட்டரை மறந்துவிடக் கூடாது. பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற கணக்கை, சரிக்கட்டப் பழைய மோட்டார் லோடுக்கு ஏற்றபடி போட்டது அது. லோடு குறைந்த பிறகும் அதே அளவு நின்றால் பவர் ஃபேக்டர் மறுபக்கம் சாயும். இரவில் மிஷின் எல்லாம் நின்றபின் கெப்பாசிட்டர் மட்டும் லைனில் இருந்தாலும் இதே கதை. எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து குறைக்கச் சொல்லுங்கள்.

ஃபேன், விளக்கு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 75 வாட் ஃபேனுக்குப் பதில் கரண்ட் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் போட்டால் அறுபது ஃபேனுக்கு நாளுக்கு 27 யூனிட் மிச்சம். ஊசி முனைக்கு நேராக ஒரு சின்ன எல்.இ.டி. வைத்துவிட்டு, மேலே தொங்கும் ட்யூப் லைட்களில் பாதியைக் கழற்றிவிடலாம்.

அயர்னிங் செக்ஷனில் பார்க்க வேண்டியது வெறும் குழாய். 4 பார் நீராவி போகும் ஒரு அங்குலக் குழாயை மூடாமல் விட்டால் மீட்டருக்குச் சுமார் 150 வாட் சூடு வெளியே போகும். பத்து மீட்டர் என்றால் ஒன்றரை கிலோவாட் ஹீட்டரை மேஜைக்கு மேலே தொங்கவிட்ட மாதிரி. அதன் அடியில் நின்று அயர்ன் பண்ணுகிறவருக்கு ஃபேன் வேறு. 25 மில்லிமீட்டர் ராக்வூல் சுற்றி மேலே அலுமினியத் தகடு போட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போகாது. வால்வையும் ஃபிளாஞ்சையும் சுற்றாமல் விடுவது வழக்கம். கழற்றி மாட்டும்படி பை மாதிரித் தைத்துப் போடலாம். தைக்க ஆளா பஞ்சம் நம் ஊரில்?

நீராவி குளிர்ந்து வரும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஃபீட் டேங்குக்குத் திருப்பினால், உள்ளே போகும் தண்ணீரில் கூடும் ஒவ்வொரு 6 டிகிரி சூட்டுக்கும் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம். 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் 5 சதவீதம். ஆனால் டேங்க் தரையிலேயே இருந்து, தண்ணீர் கொதிநிலையை நெருங்கினால் பம்ப் உள்ளே ஆவிக்குமிழ் பிடித்துத் தண்ணீர் ஏறாது, கடகடவென்று அடிக்கும். அப்போது ஆட்கள் செய்வது பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடுவது. மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று. டேங்கைப் பம்ப்புக்கு மேலே உயர்த்தி வைப்பதுதான் வழி.

விறகு பாய்லர் என்றால் ஈரத்தை எடை போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ விறகைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, எடை குறைவது நிற்கும்வரை பாய்லர் மேல் உலரவிட்டு மறுபடி நிறுங்கள். 600 கிராம் வந்தால், டன்னுக்குக் கொடுத்த காசில் 400 கிலோ தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரை ஆவியாக்க விறகின் சூட்டிலேயே ஒரு பங்கு போகும். ஒரு மழைக்காலத்துக்கு வேண்டிய விறகைக் கோடையிலேயே வாங்கிக் கூரைக்கடியில் அடுக்கி வைக்க இடம் இருந்தால் அதைவிட லாபமான முதலீடு அந்த செக்ஷனில் இல்லை.

இதுவரை சொன்னது கம்பெனிச் சுவருக்கு உள்ளே. ஒரு பனியனின் உண்மையான சுற்றுச்சூழல் செலவு வெளியே, சாயப்பட்டறையில் இருக்கிறது. இதைத் திருப்பூருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை இல்லாமல் சாயம் போட முடியாது என்றானது. ஆர்.ஓ. பிழிந்தது போக மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து உப்பாக்க வேண்டும். இதற்கு எரியும் விறகும் கரண்டும் கொஞ்சநஞ்சமில்லை. சாயத்தொட்டியில் போடாத உப்பைத்தான் கொதிக்க வைக்க வேண்டியதில்லை.

தைக்கும் கம்பெனிக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். எந்தத் துணியை எவ்வளவு ஒரே தடவையில் சாயத்துக்கு அனுப்புவது என்று லாட் பிரிப்பது அவர்கள்தானே. காட்டன் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம், நடுத்தர ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைப்போம். 500 கிலோ பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ சாய மிஷினில் 500 கிலோவும் போட்டு 1:6 அளவில் (கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர்) ஓட்டினால் 3,000 லிட்டர் தண்ணீர், 180 கிலோ உப்பு. கிலோ துணிக்கு 360 கிராம். அவசர ஆர்டர் என்று அதே மிஷினில் 300 கிலோ மட்டும் அனுப்பினால், பழைய மிஷின்கள் பலவற்றில் சுழற்சிக்கு அதே 3,000 லிட்டர் வேண்டும். கிலோவுக்கு 600 கிராம் ஆகிவிடும். இரண்டு ஸ்டைலுக்கும் ஒரே ஷேடு என்றால் துணியைச் சேர்த்து ஒரே லாட்டாக அனுப்புவதற்கு ஒரு பைசா செலவில்லை. புரொடக்ஷன் பிளான் போடுகிறவர் இரண்டு நாள் முன்னால் யோசிக்க வேண்டும்.

ஷேடு மாறிப்போனால் இன்னும் மோசம். சாயத்தை உரித்து மறுபடி போடும்போது தண்ணீரும் உப்பும் இரட்டிப்பாகும், துணியும் பலமிழக்கும். லேப் டிப்பை (ஷேடு சரிபார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துண்டை) ஜன்னலோரத்திலோ ட்யூப் லைட்டிலோ பார்த்து ஓகே சொல்வதுதான் பல ரீ-டையிங்குக்குக் காரணம். பையர் எந்த விளக்கில் பார்க்கிறாரோ அதே விளக்குள்ள லைட் பாக்ஸில் பாருங்கள். பட்டறைக்காரரிடம் ரேட் கேட்கும்போதே கிலோவுக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிராம் உப்பு என்றும் கேளுங்கள். எழுதி வைத்திருப்பவர் உடனே சொல்வார். தெரியவில்லை என்றால் அவர் அளப்பதில்லை.

கட்டிங் மேஜைக்கும் இதே உறவுதான். மார்க்கரில் (துணி மேல் பாகங்களை நெருக்கி அடுக்கும் வெட்டு வரைபடத்தில்) ஒரு சதவீதம் துணி மிச்சமானால், அந்தத் துணிக்கான நூல், சாயம், தண்ணீர், உப்பு எல்லாம் சேர்த்து மிச்சம். ரோல்களை அகலம் வாரியாகப் பிரித்து அடுக்காமல், இருப்பதிலேயே குறுகிய ரோலுக்கு மார்க்கர் போட்டால் மற்ற ரோல்களின் ஓரமெல்லாம் வேஸ்ட் மூட்டைக்குப் போகும்.

அந்த மூட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பனியன் வேஸ்ட்டை அரைத்து மறுபடி நூலாக்கும் ஓப்பன் எண்ட் மில்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. வெள்ளைக்கு ஒரு விலை, ஒரே நிறமாகப் பிரித்ததற்கு ஒரு விலை, எல்லாம் கலந்ததற்கு அடிமாட்டு விலை. பிரிப்பது கட்டிங் மேஜையடியிலேயே நடக்க வேண்டும்: நிறத்துக்கொரு பை, லைக்ராவுக்குத் தனிப் பை. லைக்ரா இழை அரைக்கும்போது நீண்டு சுருண்டுகொள்ளும், நூலைக் கெடுக்கும். ஓவர்லாக்கில் விழும் துண்டுகளை இதில் சேர்க்கக் கூடாது, அதில் பாலியஸ்டர் தையல் நூல் இருக்கிறது. குடோனுக்குப் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று கலந்து அனுப்பிய வேஸ்ட்டை அங்கே யாரும் பிரிக்கப்போவதில்லை.

இனி சோலாருக்கு வரலாம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும் என்று கணக்கு. நாளுக்கு 300 யூனிட் எடுக்கும் கம்பெனி முழுதாகச் சோலாருக்கு மாற 75 கிலோவாட் வேண்டும். கம்ப்ரசரில் 25, மோட்டாரில் 60, ஃபேனில் 27 என 112 யூனிட்டைக் குறைத்த பிறகு 47 கிலோவாட் போதும். கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்தால் 14 லட்சம் கடன் வாங்க வேண்டியதில்லை. சிமெண்ட் ஷீட் கூரையாக இருந்தால் தாங்குமா என்று முதலில் பாருங்கள். வாடகைக் கட்டடம் என்றால் ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம் என்று பாருங்கள். ஈபி பில்லில் நெட்வொர்க் கட்டணம் (சோலார் போட்டவர்களிடம் ஈபி லைனுக்காக வாங்குவது) வருமா என்று கேட்டு, வந்தால் அதையும் சேர்த்துத்தான் எத்தனை வருடத்தில் காசு திரும்பும் என்று போட வேண்டும். ஏஜென்ட் தரும் தாளில் அந்தக் கட்டணம் விட்டுப்போயிருக்கும். பக்கத்தில் விறகுப் பாய்லர் புகைபோக்கி இருந்தால் பேனலில் கரி படியும், கழுவ ஆளும் தண்ணீரும் கணக்கில் வர வேண்டும்.

சான்றிதழ் வேண்டுமென்றால், உத்யம் பதிவு (சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கும் யூனிட்டுகளுக்கு ஒன்றிய அரசின் செட் (ZED) சான்று 2022 ஏப்ரலில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளில் வந்தது. அப்போது கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம் மானியம் என்று அறிவித்தார்கள். வெண்கலம் பெரிய சாதனை ஒன்றுமில்லை, ஆனால் ரெஜிஸ்டர் எழுதும் பழக்கம் வந்துவிடும். எரிசக்தித் தணிக்கைக்கு மாநில அரசின் பீஸ் (PEACE) திட்டத்தில் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மிஷின் வாங்குங்கள். வாங்கிய பிறகு பில்லோடு போய் நின்று ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம். பையரின் கேள்வித்தாளுக்கும் தனியாக எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை. அவர் கேட்கும் யூனிட்டும் லிட்டரும் கிலோவும் சனிக்கிழமை நோட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதக்கூடியவை.

கசிவு சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். முதல் முறை அடைத்த ஒவ்வொரு ஜாயிண்டிலும் தேதி எழுதிய ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டி வையுங்கள், கட்டிங் வேஸ்ட்டிலேயே கிடைக்கும். இரண்டாவது சோதனையில் அதே சிவப்புத் துணிக்கடியில் மறுபடி நுரை வந்தால் அங்கே ஃபிட்டிங் சரியில்லை, மாற்ற வேண்டும். துணி கட்டாத இடத்தில் நுரை வந்தால் லைன் மாற்றியபோது யாரோ மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார்கள்.